கைதட்டுவதற்கு முன்

வசிசேவாவை நான் முதலில் பார்த்தபோது அவள் சேற்று நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஆலைக்குப் போகும் தெருவில், தையல் கடைக்கு மேல்மாடியில், அடிபடும் மனைவிகளுக்கு உதவும் பெண்கள் மையம் புதிதாகத் திறந்திருந்த சமயம். நான் நைடு, அதன் வண்டியோட்டி. மாடிப்படியின் அடியில் காலை முழுவதும் நிழல் இருக்கும் என்பதால் அவள் அங்கே சாக்கை விரித்து, கால்கள் கட்டப்பட்ட நண்டுகளை வரிசையாகப் பரப்பி உட்காருவாள். நண்டுகள் மூச்சுவிடும் சத்தம் நுரை உடைவதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மையத்துக்கு வரும் பெண்கள் நேராகப் படியேற மாட்டார்கள். தெருவின் அந்தப் பக்கம் நின்று பலகையைப் பார்ப்பார்கள். பிறகு கடந்துபோவார்கள். திரும்பி வருவார்கள். வசிசேவா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர்களைப் பிடித்துவிடுவாள்.

"என்னம்மா, நண்டு வாங்க வந்தியா, மேல போக வந்தியா?"

"நண்டுதான்..."

"பொய் சொல்லாத. நண்டு வாங்க வந்தவ நண்டப் பாப்பா. நீ படியப் பாக்கற. வா, நானும் வர்றேன். நைடு, என் நண்டப் பாத்துக்க. கட்டு அவுந்தா உன் காலத்தான் பிடிக்கும்."

இப்படி அவள் மேலே கூட்டிவந்த பெண்கள், மையத்தின் விளம்பரத்தைக் கேட்டு வந்தவர்களைவிட அதிகம் என்று தலைவி ஷீலாவதிக்குத் தெரியவந்தபோது, நண்டுச் சாக்கை மடித்து வைத்துவிட்டு எங்களோடு வேலைக்கு வரச்சொன்னார். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

அவளைத் துணிச்சல்காரி என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததே கிடையாது. எல்லாப் பெண்களையும்போல முழங்காலில்தான் நகர்வாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டாள். சாமர்த்தியம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, ஒன்றை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லும் குணம் இருந்தது. கேட்பவர்களுக்குச் சில சமயம் அலுப்புத் தட்டும்.

அவள் கணவன் கடலட்டை எடுக்க மூழ்குகிறவன். காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய், மெதுவாக ஏற வேண்டியவன் ஒரு நாள் வேகமாக மேலே வந்துவிட்டான். படகிலேயே உயிர் போய்விட்டது. அட்டை வியாபாரி, கணவனின் அண்ணன்மாரிடம் ஒரு திமிங்கிலப் பல்லையும் சில கோதுமை மாவு மூட்டைகளையும் கொண்டுவந்து வைத்து மன்னிப்புக் கேட்டான். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. வசிசேவா அப்போது அடுத்த அறையில் இருந்தாள்.

எங்கள் தீவில் எல்லாத் தப்புக்கும் முடிவு இதுதான். தப்பு செய்தவனின் வீட்டார் பளபளவென்று தேய்த்த திமிங்கிலப் பல்லைக் கயிற்றோடு ஏந்திக்கொண்டு வருவார்கள். வாசலோரம், கூடத்தின் தாழ்ந்த முனையில், தரையோடு தரையாக உட்கார்ந்து பேசுவார்கள். பாதிக்கப்பட்ட வீட்டின் பெரியவர் பல்லைக் கையில் வாங்கி, ஏற்கிறோம் என்பார். உடனே இரண்டு பக்கத்தாரும் உள்ளங்கைகளைக் குழித்துச் சேர்ந்து தட்டுவார்கள். ஆழமான, மெதுவான ஓசை. அந்த ஓசை அடங்கியபின் நடந்ததைப் பற்றி யாரும் வாய்திறக்கக் கூடாது. புதைத்தாயிற்று. கொலைப்பழியைக்கூட இப்படிப் புதைத்து, இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்ததுண்டு. இதை வெறும் ஏமாற்று என்று சொல்லுகிறவர்கள் அந்த ஓசையை அருகிலிருந்து கேட்காதவர்கள்.

ஆனால் அடித்த புருஷனின் வீட்டாரும் அதே பல்லோடுதான் வந்தார்கள். பெண்ணின் அப்பா வாங்கிக்கொள்வார். கைதட்டுவார்கள். அன்று மாலையே அவள் தன் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் வண்டியில் ஏறுவாள். வழக்குப் போட்டிருந்தால், சமாதானமாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள். தொண்ணூறுகளில் நீதிபதிகளும் அதைக் கேட்டு மகிழ்ந்து அனுப்பிவிடுவார்கள்.

மையத்துக்கு நகரத்திலிருந்து வந்துபோகும் பெண்கள் இந்த வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று பேசுவார்கள். வசிசேவா அவர்களுக்குத் தேநீர் ஊற்றுவாள். வண்டியில் ஏறியபின் என்னிடம் சொல்வாள்:

"பல்ல வாங்காதேன்னு எங்கப்பன்கிட்டச் சொல்றதும் மூச்சு விடாதேன்னு சொல்றதும் ஒண்ணு. வாங்கட்டும். வாங்கும்போது ஒரு வார்த்தை சேத்துச் சொல்லட்டும். அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தைதான் அவள் வேலை. 'உங்கள் மன்னிப்பை ஏற்கிறோம்; பெண் எங்களோடு இருப்பாள்; கோர்ட்டில் இருப்பது கோர்ட்டிலேயே இருக்கும்.' இதைக் கைதட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகப் போய் இதையே சொன்னாள். ஆண்களிடம், அவர்கள் சேர்ந்து குடிக்கும் யங்கோனா வேர்ப்பானத்தின் கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னாள். பெண்களிடம் ஆற்றில் சிப்பி பொறுக்கும்போது சொன்னாள்.

"உங்க அப்பன் அந்த வார்த்தையச் சொல்ற வரைக்கும் கைய மடிய விட்டு எடுக்காதீங்க. அவர் மறந்துட்டார்னா நீங்க பின்னாலேருந்து குரல் குடுங்க. பொம்பள பேசினான்னு திட்டுவாங்க, திட்டட்டும். தட்டுறதுக்கு முன்னாடி பேசினா அது பேச்சு. தட்டினப்புறம் பேசினா அது சண்டை."

நசோலோ என்ற ஊருக்கு நாங்கள் போனபோது, அவளுக்கு மச்சான் முறையாகிற ஆண்கள் கூடம் நிறைய இருந்தார்கள். அந்த முறைக்காரர்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"மச்சினி, உங்க ஊர்ல பல்லுக்குப் பதிலா நண்டு குடுத்து மன்னிப்புக் கேப்பாங்களாமே?"

"ஆமா மச்சான். இங்கயும் கொண்டுவரலாம்னு பாத்தேன். உங்க ஊர் ஆம்பளைங்களுக்குக் கடிக்கப் பல்லு இல்லையே."

கூடம் அதிர்ந்தது. சிரித்து முடித்தபின் அவர்கள் அவள் சொன்னதைக் கேட்டார்கள். அந்த ஊரில் அடுத்த தடவை பல் வந்தபோது பெண்ணின் பெரியப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். வந்தவர்கள் முகம் கறுத்தது, ஆனால் கைதட்டினார்கள். பெண் வீட்டிலேயே இருந்தாள். அதற்குப்பின் இன்னும் சில ஊர்களில் நடந்தது. நடக்காத ஊர்கள்தான் அதிகம். என்றாலும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அளவுக்கு மீறி வந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் தங்கை அக்கனீசி, நதிமுகத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரில் இலைசா என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். கரும்பு வெட்டுகிறவன். இறந்துபோன அம்மாவின் வழியில் அத்தான் முறை. அம்மாவின் சித்தப்பா மகன் செதரேக்கிதான் இலைசாவை வளர்த்தவர். இந்தப் பெண்களுக்கு அவர் தாய்மாமன் முறை. அம்மா போனபின் அந்த வீட்டோடு இருந்த ஒரே கயிறு இந்தக் கல்யாணம்தான் என்று அப்பா பெனையா சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் அக்கனீசி சந்தைக்கு வரும் கிழங்கு லாரியில் ஏறி மையத்துக்கு வந்தாள். இடது முன்கை உடைந்து, வாழைநாரால் கட்டியிருந்தது. காது ஓரத்தில் காய்ந்த ரத்தம். வசிசேவா அவளை மற்றவர்களைப்போலவே நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களிடம் கேட்பதைப்போலவே கேட்டாள்.

"முதல் தடவையா?"

"இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஊருக்கெல்லாம் சொல்றவ. உன் வீட்டுலயே இப்படின்னா உன்னச் சிரிப்பாங்கன்னுதான்."

வசிசேவா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அதைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, "இப்ப என்ன வேணும் உனக்கு? அத மட்டும் சொல்லு" என்றாள்.

"திரும்பப் போகக் கூடாது அக்கா. அடுத்த தடவை கையோட நிக்காது."

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அக்கனீசி அப்பா வீட்டுக்குப் போனாள். பல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வசிசேவா விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்த் தங்கினாள். நான் ஒரு நாள் அரிசி கொண்டுபோனபோது அப்பனும் மகளும் பின்வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

"காலையிலதான சொன்னேன்."

"இப்பச் சொல்லுங்க."

"மன்னிப்ப ஏத்துக்கறோம். பொண்ணு எங்களோட இருப்பா. கோர்ட்டுல இருக்கறது கோர்ட்டுலயே இருக்கும். போதுமா டீச்சரம்மா? நைடு, பாத்தியா, இந்த வயசுல என்னப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டா."

"மாமா அழுவாரு. அப்பவும் சொல்லணும்."

"அவன் அழுதா நானும் அழறேன். அழுதுட்டே சொல்றேன்."

அக்கனீசி சிரித்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் உரித்த கிழங்கைப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது.

இலைசாவின் வீட்டார் வந்த அன்று என் வண்டி அங்கே இருந்தது. வசிசேவாவைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்தேன். ஈரப்பலா மரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் நீளவாக்கில் இரண்டு கதவுகளும் திறந்திருந்ததால் உள்ளே நடந்தது முழுவதும் தெரிந்தது, கேட்டது.

செதரேக்கி முன்னால் வந்தார். அவருக்கு நடக்க முடியாது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் சுருட்டிய பாய்கள், மண்ணெண்ணெய்ப் பீப்பாய், யங்கோனா வேர்க்கட்டு. கடைசியில் இலைசா, தலை நிமிராமல். வாசலோரம் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளே பெனையா மேல் முனையில், அவர் தம்பிமார் இரண்டு பக்கமும். பெண்கள் பின்சுவரை ஒட்டி. அக்கனீசியும் வசிசேவாவும் பக்கத்தில் பக்கத்தில்.

செதரேக்கி பல்லை இரு கையிலும் ஏந்தினார். அதன் கயிறு தரைவரை தொங்கியது.

"நாங்க சேத்துக் காலோட உங்க வீட்டுக்குள்ள வந்திருக்கோம். எங்க முகத்தப் பாக்காதீங்க, பாக்கற மாதிரி இல்ல. என் அக்கா இந்த வீட்டுக்கு வந்தப்ப நான் சின்னப் பையன், அவ பாயச் சுமந்துட்டு வந்தேன். அவ இங்கதான் மண்ணுக்குள்ள இருக்கா. அவ பொண்ணோட கைய எங்க வீட்டுல ஒடச்சுட்டோம். அந்தக் கைய ஒடச்சவன நான்தான் வளத்தேன். அடிக்கணும்னா என்ன அடிங்க."

அவர் அழுதார். நாடகம் இல்லை. நெஞ்சிலிருந்து வந்த அழுகை. பல்லை ஏந்திய கைகள் அப்படியே நீட்டியிருந்தன. யாராவது வாங்கும்வரை அவை இறங்காது.

பெனையா வாங்கினார். பல்லை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். மனைவியின் வீட்டைப் பேர் சொல்லி அழைத்தார். அவள் பெயரை இரண்டு தடவை சொன்னார். "ஏத்துக்கறோம்" என்றார்.

பிறகு நிறுத்தினார். உதடுகள் அசைந்தன. அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது வெளியே இருந்த எனக்கே தெரிந்தது. மூச்சு எடுத்து விடும் நேரம்தான் அது. அதற்குள் வாசல் பக்கத்திலிருந்து, கைதட்டலுக்கு முன் வரும் முடிவுச் சொல்லைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். அவர் தம்பிமார் பதில் பாடினார்கள். கூடம் முழுவதும் கைதட்டியது.

வசிசேவா பின்னாளில் என்னிடம் சொன்னது இது.

"கைதட்டுற சத்தம் பக்கத்துல கேட்டுச்சு நைடு. யாரு தட்டறா, இன்னும் சொல்லி முடிக்கலையேன்னு கோவம் வந்துச்சு. குனிஞ்சு பாத்தேன். நான்தான்."

மனம் ஒன்றை நினைக்க உடம்பு வேறொன்றைச் செய்துவிட்டது என்று இதைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அந்தக் கைகளை முட்டாள் ஆக்குகிறோம். குனிந்து அழுகிற ஒரு கிழவரை அவமானத்தோடு காக்கவைக்காதே என்று குழந்தையிலிருந்து அந்தக் கைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவை மறக்கவில்லை. கெட்ட பாடமும் இல்லை அது. யாரும் தீங்கு நினைக்காத ஒரு கூடத்தில், எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டதாலேயே ஒரு பெண் கைவிடப்பட்டாள். இதற்கு மேல் இதை எப்படி யோசிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

யங்கோனா கலக்கினார்கள். இலைசா நகர்ந்து வந்து மாமனாரின் காலருகில் தலையை வைத்தான். அவர் அவன் தலையைத் தொட்டார். அக்கனீசி எழுந்து உள்ளே போய், தன் பையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். வசிசேவா அவள் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"போகாத. நான் உள்ள போய்ச் சொல்றேன். இப்பவே சொல்றேன்."

"தட்டினப்புறம் பேசினா சண்டைன்னு நீதானக்கா சொல்லுவ."

"சண்டையே வரட்டும்."

"அப்பா மாமாவோட ஒரே கிண்ணத்துல குடிச்சுட்டு இருக்காரு. பாத்தியா? அம்மா செத்தப்புறம் அவரு இப்படிச் சிரிச்சு நான் பாக்கல." பையைத் தோளில் மாட்டினாள். "விடு. மாமா இருக்கறவரைக்கும் அவன் அடக்கமா இருப்பான்."

செதரேக்கியும் கிளம்பும்போது அதையேதான் சொன்னார். "நான் பாத்துக்கறேன் மருமகளே. என் கண்ணு மூடுறவரைக்கும் அவ மேல கைபடாது." சொன்னபடி அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அடுத்த கரும்பு வெட்டு தொடங்குமுன் அவர் கண் மூடிவிட்டது.

அவர்கள் போனபின் பெனையா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வசிசேவா பாய்களைச் சுருட்டினாள்.

"வாய்க்குள்ளதான் இருந்துச்சும்மா. சத்தியமா வாய்க்குள்ளயே இருந்துச்சு."

"தெரியும்ப்பா."

"நீ பின்னாலேருந்து குரல் குடுப்பேன்னு பாத்தேன்."

அவள் கடைசிப் பாயையும் சுருட்டிக் கட்டினாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது செதரேக்கி உயிரோடுதான் இருந்தார். நீதிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கனீசி, குடும்பங்கள் சமாதானமாகிவிட்டன என்று கேட்காத குரலில் சொன்னாள். வசிசேவா எழுந்து, தானும் பேச வேண்டும் என்று கேட்டாள். நீதிபதி அனுமதித்தார். அப்பா முழுச் சம்மதம் தரவில்லை, சொல்லவந்ததை முடிக்கவில்லை, பெண்ணைத் திருப்பி அனுப்ப அந்த வீடு ஒப்புக்கொள்ளவில்லை என்று அவள் நன்றாகத்தான் சொன்னாள். இலைசாவின் வக்கீல் எங்கள் தீவைச் சேர்ந்தவர். அதிகம் கேட்கவில்லை.

"நீங்க அந்தக் கூடத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பல்ல வாங்கினப்புறம் எல்லாரும் கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"நீங்க?"

வசிசேவா தன் கைகளைப் பார்க்கவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்தாள். "நானும் தட்டினேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி இரண்டு குடும்பங்களையும் பாராட்டி வழக்கை முடித்துவைத்தார். இலைசாவிடம், இனிமேல் நல்லபடியாக இருக்கவேண்டும் என்றார்.

வண்டியில் ஷீலாவதி பொறுக்கமாட்டாமல் கேட்டார். "மரியாதைக்குத் தட்டினேன், சம்மதிச்சுத் தட்டலைன்னு சொல்லியிருக்கலாமில்ல வசி?"

"மரியாதைக்குத் தட்டாத கை எது மேடம்? அப்படிச் சொன்னா இனிமே எந்த ஊர்லயும் எவனும் என் பேச்ச நம்பமாட்டான். தட்டினது தட்டினதுதான்."

அதற்கு முன்பே, நீதிமன்றத் தாழ்வாரத்தில், தங்கை அவளிடம் பேசியிருந்தாள். இலைசா வக்கீலோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த நேரம். அக்கனீசி கழிப்பறைக்குப் போவதுபோல எங்கள் பக்கம் வந்தாள்.

"அக்கா, எங்க ஊருக்கு வராத. போன வாரம் உங்க வண்டி எங்க ஊர் வழியா போச்சு. நிக்கக்கூட இல்ல. போச்சு, அவ்வளவுதான். எனக்கு ராத்திரி அடி கிடைச்சுது."

"மாமா இருக்காரே?"

"மாமா தூங்க மாட்டாரா?"

அவ்வளவுதான் பேசினார்கள்.

அதன்பிறகு வசிசேவா வேலையை விடவில்லை. விட்டுவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் சொல்வதை மாற்றிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பற்றி ஆண்களிடம் பேசுவதை நிறுத்தினாள். பெண்களிடம் மட்டும் பேசினாள்.

"பல்லு வர்ற அன்னிக்கு வீட்டுல இருக்காதீங்க. அடிபட்டவளும் இருக்கக் கூடாது, அவ அக்கா தங்கச்சியும் இருக்கக் கூடாது. நண்டு புடிக்கப் போங்க. சதுப்புக்குள்ள இறங்கிடுங்க. அவங்க தட்டிட்டுப் போகட்டும். நீங்க தட்டலைல்ல? தட்டாதவ திரும்பிப் போகவேண்டியதில்ல."

"இது என்ன புது நியாயம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். "கூடத்துல நம்ம இடத்த நாமளே விட்டுட்டுச் சேத்துல போய் நிக்கறதா?"

"உள்ள உக்காந்தா கை தட்டிடும் அத்தை. எனக்குத் தெரியும்."

கிழவி கேட்டது சரியான கேள்வி. ஆனால் சில பெண்கள் சதுப்பில் இறங்கினார்கள். பெண் இல்லாத வீட்டில் பல்லை வாங்கிக் கைதட்டிவிட்டு, யாரை அனுப்புவது என்று தெரியாமல் ஆண்கள் விழித்த கதைகளை மையத்தில் சொல்லிச் சிரிப்போம். அப்படித் தப்பித்தவர்களில் சிலர் பிறகு தாங்களாகவே திரும்பிப் போனார்கள். சிலர் போகவில்லை. நல்லது நடந்தது என்று எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது.

நதிமுகத்தைத் தாண்டிப் போகவேண்டிய ஊர்களுக்கு அதன்பின் மலைப்பாதை வழியாகச் சுற்றித்தான் போவோம். பாதி நாள் கூடுதலாகும். ஷீலாவதி ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. தங்கையைப் பற்றிய செய்தி சந்தையில்தான் கிடைக்கும். ஒரு காது கேட்கவில்லையாம். ஒரு குழந்தை தங்கவில்லையாம். வசிசேவா கேட்டுக்கொண்டு, கிழங்கு விலையை விசாரிப்பாள்.

கடைசியில் அவளைச் சர்க்கரை நோய் கொண்டுபோயிற்று. முதலில் ஒரு காலை எடுத்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு, "நைடு, இனிமே கூடத்துல முழங்கால்ல நகர வேண்டாம், பாதி வேலை மிச்சம்" என்றாள். சிரிக்க முடியாமல் நான் ஆரஞ்சு உரித்தேன். தங்கையை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன். "வந்துட்டுத் திரும்பிப் போகணுமில்ல" என்றாள்.

இறந்த வீட்டுக்கு இலைசாவின் வீட்டார் முறைப்படி வந்தார்கள். பாய்கள், துக்கத்துக்கான பல், ஒரு மாடு. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. இலைசாதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான். அந்த அழுகையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கனீசியைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன். பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்தது. கேட்கிற காதின் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"உங்கக்கா கடைசி வரைக்கும் அதையேதான் நெனச்சுட்டு இருந்தா" என்றேன்.

"எத?"

"அன்னிக்குக் கைதட்டினத."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவ தட்டினாளா? கோர்ட்டுல ஏதோ சொன்னா, எனக்குச் சரியாக் கேக்கல. நான் அவ பக்கம் பாக்கவே இல்ல நைடு. நானும் தட்டினேன்ல."

"நீயா? உன் கையில மாவுக்கட்டு இருந்துச்சே."

"இந்தக் கை நல்லாத்தான இருந்துச்சு." வலது உள்ளங்கையைக் குழித்து, நனைந்த பாவாடை மேல், முழங்காலில் ஒரு தடவை தட்டிக் காட்டினாள். சத்தம் வரவில்லை. "மாமா அழுதுட்டு இருந்தாரு. எப்படித் தட்டாம இருக்கறது?"

"இத அவகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்ல? வராதன்னு சொன்னேன். அவ வரல."

தெருவில் வண்டி ஹார்ன் அடித்தது. இலைசாவின் குரல் ஒரே ஒரு தடவை அவள் பெயரைக் கூப்பிட்டது. அவள் பானையைக் கவிழ்த்துவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் வண்டியின் பின்பக்கம் ஏறி, காலிப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால், இலைசாவின் பக்கத்தில், இடம் இருந்தது. வண்டி நதிமுகப் பாதையில் திரும்பியது.